கப்பல்காரியின் மூன்றாம் பாகம்

கீரிப்பாறை
17 ஜனவரி 2011

அன்புள்ள மகள் அஜிதாவுக்கு அம்மா எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சர்ச் முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விசேஷம் என்று டிவியில், ஆகாயக் கப்பல் ஓட்டுகிற நம்முடைய கப்பல்காரி படம் போட்டான். மூன்றாம் பாகம். அரசாங்கம் கொடுத்த டிவி எஸ்டேட்டில் எல்லா லைன் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் கேபிள் ஒழுங்காக வருவது நம் வீட்டில்தான். அதனால், ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கிளப்பில் நீ டிஸ்க் போட்டுக் கதை சொன்ன அந்தப் பழைய கூட்டம் முழுக்க நம் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா காலை நீட்டிக்கொண்டு வாசல்படியில் இருந்தார்.

இப்போது அந்தப் படத்தைத் தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். கப்பல்காரி மெட்ராஸ்காரி மாதிரிப் பேசினாள். எங்களில் ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. கிளப்பில் அவள் இங்கிலீஷில் வாயைத் திறந்ததும் நீ மைக்கைப் பிடித்து, "ஏலே, எனக்க கப்பல்ல கை வச்சியா, கைய முறிச்சிருவேன்" என்று சொல்வாயே, அதுதான் அவளுடைய குரல் என்று எங்கள் காதில் நின்றுபோயிற்று.

கதை நீ சொன்னதுபோலவே வந்தது. இரண்டாம் பாகத்தில் தப்பிக்க இருந்த ஒரே ஒரு சின்னக் கப்பலை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், மற்ற அத்தனை பேரையும் சாகவிட்ட அந்தக் கூட்டாளி, மூன்றாம் பாகத்தில் ஒரு பாறை உலகத்தில் தனியாகக் கிடக்கிறான். ரேடியோவில் அவளைக் கூப்பிடுகிறான். அவள் இறங்கி வருகிறாள். அந்த இடத்தில்தான் அன்றைக்குக் கிளப்பில் டிஸ்க் மாட்டிக்கொண்டது. டிஸ்க் மாட்டினால் மீதிக் கதையை நீ வாயால் சொல்லி முடிப்பதுதானே வழக்கம். அவள் கதவைத் திறந்தாள், "ஏறு, வல்லதும் தின்னியா?" என்று பசியை விசாரித்தாள், இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினார்கள் என்று சொன்னாய். அத்தனை பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன்.

நேற்று அவள் அவனை ஏற்றவில்லை. ஒரு பெட்டி சாப்பாட்டை மணலில் வைத்தாள், ஏறினாள், கதவைச் சாத்தினாள், போய்விட்டாள். அதற்கு மேல் என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை.

உனக்கு மறந்திருக்காது. உன் தம்பி சிஜின் நாலு வயதில் காய்ச்சலில் செத்தபோது, புனலூருக்கு ரப்பர் பால் வெட்டப் போயிருந்த உன் அப்பாவுக்குத் தகவல் சொல்லியும் அவர் வரவில்லை. ஏழு வருஷம் வரவில்லை. பிறகு வந்து எஸ்டேட் புகைக்கூடத்துப் பக்கம் படுத்துக்கொண்டு, போதகரை எத்தனையோ தடவை தூது அனுப்பினார். முடியாது என்றேன். நீ அந்தப் படத்தைச் சொல்லி முடித்த அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டு, "போய் அவரை வரச் சொல்லு" என்றேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்? உண்மையை எழுது.

அம்மா,
ராஜபாய்


புதுதில்லி
24 ஜனவரி 2011

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது. பனிமூட்டத்தில் ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் ஹாஸ்டலே தெரியவில்லை. என் அறையில் இருக்கும் மார்த்தாண்டத்துப் பெபிஷா, நீங்கள் அனுப்பின நேந்திரங்காய் சிப்ஸை ஒரே நாளில் காலி செய்துவிட்டாள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். போன வாரம் எங்கள் வார்டில் எனக்குத்தான் நல்ல பெயர். சிஸ்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிவிக்காரர்கள் எந்தப் படத்தையும் ஒழுங்காகப் போடுவதில்லை, அம்மா. விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று கண்ட இடத்தில் வெட்டுவார்கள். இந்தப் படத்துக்கு இரண்டு முடிவு உண்டு என்று நான் அப்போதே எங்கேயோ படித்திருக்கிறேன். வெளிநாட்டில் காட்டினது ஒன்று, நம் நாட்டுக்கு அனுப்பினது ஒன்று. கிளப்புக்கு டிஸ்க் வாங்கிவரும் செல்வதாஸ் அண்ணன் நாகர்கோவிலில் இருந்து கொண்டுவந்தது இந்த இரண்டில் எது என்று யாருக்குத் தெரியும்? கள்ள டிஸ்க்குகளில் ஒரு படத்தின் தலையும் இன்னொரு படத்தின் வாலும்கூட இருக்கும். நான் சொன்ன முடிவு நான் படித்த முடிவு. அதில் அவள் அவனைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். அது மட்டும் எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது.

இந்தச் சின்ன விஷயத்துக்குப் போய் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். படம்தானே. அப்பாவின் கால் புண் எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டனவா? தொடங்கியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஈஸ்டருக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
அஜிதா


கீரிப்பாறை
31 ஜனவரி 2011

அஜிதா,

கடிதம் வந்தது. குளிர், சிப்ஸ், விளம்பரம், மாத்திரை. நீ உண்மை சொல்லும்போது சுற்றி வளைத்து எழுதமாட்டாய். சின்னப் பிள்ளையில் மரத்தில் கட்டின சிரட்டைப் பாலைத் தட்டிவிட்டுவிட்டு வந்து நின்றாலும் இப்படித்தான், ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவாய்.

போன கடிதத்தில் நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் கதவைச் சாத்தினதும் வீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அஜிதா இப்படியாட்டி சொன்னா?" என்றாள் ஒருத்தி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லியே, இவ அவனைக் கூட்டிட்டுல்லா போவா! அத வச்சில்லா நானும்" என்று தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் வாசல்படி ஞாபகம் வந்தது.

உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கப்பல்காரி புண்ணியத்தில் வீடு கிடைத்தது என்று லைன் பெண்கள் அவரை ஆறு வருஷமாகக் கேலி செய்கிறவர்கள். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக எழுந்தார். "அவ செஞ்சதுதான் செரி" என்றார். டிவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் நான் வெட்டு முடிந்து வந்தபோது ஆள் இல்லை. இரண்டு வேட்டியும் பைபிளும் இல்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உனக்கு அந்த முதல் கடிதத்தை நான் எழுதினது அதற்குப் பிறகுதான். எல்லாரும் சுகம் என்று எப்படி எழுதுவேன்?

நேசமணி கடைக்குப் போன் பண்ணாதே. அங்கே நாலு பேர் வரிசையில் நிற்க, இந்தப் பேச்சை என்னால் பேச முடியாது.

ராஜபாய்


புதுதில்லி
6 பிப்ரவரி 2011

அம்மா,

நேசமணி அண்ணன் கடைக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் நீங்கள் வீட்டில் இல்லை என்றார். கடைசித் தடவை அவர் குரலிலேயே தெரிந்தது, நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள் என்று. சரி. எழுதியே சொல்கிறேன்.

டிஸ்க் மாட்டவில்லை. நான்தான் நிறுத்தினேன். ரிமோட் என் மடியில் இருந்தது.

ஒவ்வொரு படத்தையும் முந்தின நாள் சனிக்கிழமை நான் தனியாக ஒரு தடவை பார்த்துவிடுவேன், உங்களுக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை கப்பல்காரி கதவைச் சாத்தினதைப் பார்த்தேன். இரண்டாம் பாகம் போட்ட நாளில் இருந்தே "இது நம்ம ராஜபாய்க்க கதையாக்கும்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்களும் ஒன்றும் மறுக்கவில்லை. அவள் கதவைச் சாத்தினால் நீங்களும் சாத்திவிடுவீர்கள் என்று தோன்றியது. அதனால் அவளைத் திறக்க வைத்தேன்.

அப்பா மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அப்படி நினைத்து என்னை மன்னித்துவிடுவீர்களோ என்பதுதான் இப்போது என் பயம். எனக்கு அந்த மாதம்தான் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. உங்களை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு என்னால் பஸ் ஏறியிருக்க முடியாது. வீட்டில் ஒரு ஆள் இருந்தால் நான் போகலாம். அவ்வளவுதான் என் யோசனை. அந்த ஆள் உங்களுக்கு என்ன செய்தவர் என்று நான் யோசிக்கவே இல்லை. சிஜினைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எஸ்டேட் ஜீப்பில் ஏறினதைப் பார்த்தவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. லீவில் வந்தபோதெல்லாம் நீங்கள் அப்பாவிடம் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். சோற்றை வைத்துவிட்டு நீங்கள் அடுக்களைக்குள் போய்விடுவீர்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்பார். கேட்டால் நான் திரும்பிப் போக முடியாமல் ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை. கவனிக்காத மாதிரி சிரித்துப் பேசிவிட்டு ரயில் ஏறிவிடுவேன். ரயில் நாகர்கோவிலைத் தாண்டினதும் தூக்கம் வந்துவிடும், அம்மா. அவ்வளவு நிம்மதியாக இருக்கும். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

லீவு கேட்டிருக்கிறேன். வந்து அப்பாவைத் தேடட்டுமா? மாத்திரை இல்லாமல் அந்தக் கால் தாங்காது.

அஜிதா


கீரிப்பாறை
14 பிப்ரவரி 2011

அஜிதா,

லீவு போடாதே. தேட வேண்டியதில்லை. மீன் வாங்கப் போன செல்வதாஸ், முட்டம் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் உடைக்கிற ஒரு ஷெட்டில் உன் அப்பாவைப் பார்த்திருக்கிறான். அங்கே காவலுக்கு இருக்கிறாராம். காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாராம். "அண்ணாச்சி, வீட்டுக்கு வரலியா?" என்று கேட்டிருக்கிறான். சிரித்தாராம்.

நான் போகமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் என்ன, காவலுக்கு ஆள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற வீடா? "அம்மா, எனக்குப் போகணும், நீ தனியா இருந்துக்குவியா?" என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "போயிட்டு வா மக்களே" என்றுதான் சொல்லியிருப்பேன். ஏழு வருஷம் தனியாகத்தானே உன்னை வளர்த்தேன். உனக்கு என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. மைக்கில் ஊருக்கே சொல்லத் தோன்றியது.

உன்னை இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதப் பேனா என் பக்கம் திரும்புகிறது.

நீ கவனித்தேன் என்று எழுதினது சரி. ஆனால் பாதிதான் கவனித்திருக்கிறாய். உன் முன்னால் ஏதோ முணுமுணுக்கவாவது செய்வேன். நீ போன பிறகு அதுவும் இல்லை. ஆறு வருஷமாக உன் அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு இருக்கு என்று ஆட்டைப் பார்த்துச் சொல்வேன். போதகர் வருகிறார் என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். முதல் நாள் வரச் சொன்னதுகூட உன்னை விட்டுத்தானே. வீட்டுக்குள் விட்டேன், அதுவே பெரிது என்று இருந்தேன். லைனில் எல்லாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். சர்ச்சில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வரும்போது பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் ஆரம்பத்தில் பேசிப் பார்த்தார். மேலில் ஒட்டின ரப்பர் பால் நாற்றம் போக எனக்கு வெந்நீர் போட்டு வைப்பார். நான் பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். வெந்நீர் அங்கேயே ஆறிக் கிடக்கும். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னது இல்லை. கப்பல்காரியாவது ஒரே நாளில் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் தினமும் சாத்தினேன். அந்த மனுஷன் போனதில் என்ன ஆச்சரியம்?

ஆனாலும் போகமாட்டேன். போய் என்ன சொல்வேன்? என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மா


புதுதில்லி
20 பிப்ரவரி 2011

அன்புள்ள அம்மா,

அந்த வெந்நீர் வரியை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

நேற்று பெபிஷாவின் லேப்டாப்பில் மூன்றாம் பாகத்தைத் திரும்பப் பார்த்தேன். கடைசிவரை பார்த்தேன். நீங்கள் பார்க்காமல் விட்ட ஒரு காட்சி அதில் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுக் கப்பல் கிளம்பின பிறகும் அவன் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் அதை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. குரல் தேய்ந்து தேய்ந்து வெறும் இரைச்சலாக ஆகும்வரை உட்கார்ந்து கேட்கிறாள். அவ்வளவு நேரமும் அவள் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். பதினேழு வயதில் அந்தச் சனிக்கிழமை இதே காட்சியைப் பார்த்தபோது, இது என்ன இப்படி இழுக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளை ஈவு இரக்கம் இல்லாதவள் என்று நினைத்துத்தான் டிஸ்கை நிறுத்தினேன். நேற்று அவளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அவளும் அந்தப் பாறையை விட்டுப் போகவில்லை, அம்மா.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் இறங்கி வந்து அவன் எதிரே நிற்கிறாளே, அப்போது அவன் வாயைத் திறக்கிறான். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிடுகிறாள். ஏன் ஓடினாய் என்று அவள் கேட்கவே இல்லை. மூன்று பாகம் பார்த்த நமக்கும் அது தெரியாது. நான் சொன்ன கதையிலும் அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தின்னியா என்று மட்டும் கேட்க வைத்தேன்.

அப்பா ஏன் வரவில்லை என்று எனக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

போங்கள் என்று சொல்லமாட்டேன். போகாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். உங்களுக்கு முடிவு சொல்லிக்கொடுத்தது ஒரு தடவை போதும். அப்பாவின் மாத்திரை மட்டும் யார் கையிலாவது அங்கே போய்ச் சேர்ந்தால் நல்லது. மாத்திரை இல்லாமல் ஒரு மாதம் தாண்டிவிட்டது, இனியும் தாமதித்தால் ஆபத்து. இதைப் படித்த நர்ஸாகச் சொல்கிறேன்.

அஜிதா


கீரிப்பாறை
7 மார்ச் 2011

என் மகளுக்கு,

செல்வதாஸிடம் மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை அவன் வீட்டில் இல்லை. மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கிறது, வெட்டும் இல்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எஸ்டேட் பஸ்ஸில் ஏறினேன். நாகர்கோவிலில் இறங்கி முட்டம் பஸ் பிடித்தேன்.

ஷெட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. பையை நீட்டினேன்.

"மாத்திரை," என்றேன்.

அவர் பையை வாங்கவில்லை. என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"எனக்கிட்டயா பேசின?" என்றார்.

"உங்களுக்கிட்டதான்."

அதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஷெட்டில் இருந்த பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைட் ஹவுஸுக்குக் கீழே பாறையில் போய் உட்கார்ந்தோம். கையைக் கொடுத்துத்தான் கூட்டிப் போனேன். அலை பாறையில் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ எதுக்கு இவ்வளவு தூரம் வந்த? படத்துல உள்ளதுதான் செரி. பிள்ள எனக்காவ கதைய மாத்தியிருக்கா, பாவம். அதுல நான் ஆறு வருசம் சோறு தின்னாச்சு," என்றார்.

நீ உனக்காகத்தான் மாற்றினாய் என்று நான் சொல்லவில்லை. அதை நீயே வந்து சொல். அது உன் பாடு.

"படத்துல உள்ளவ அவனுக்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல. நான் கேக்கதுக்குத்தான் வந்தேன். சிஜின் செத்த அன்னைக்கி ஏன் வரல்ல?" என்றேன்.

குனிந்து, காலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டினார்.

"வந்தேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னார். "தகவல் கிட்டின ஒடனே பொறப்பட்டேன். தடிக்காரன்கோணம் வர வந்தாச்சு. எஸ்டேட் பஸ்ஸுக்கு நிக்கும்போ சாயாக்கடையில பேசிட்டு இருந்தாவ, அடக்கம் முடிஞ்சிட்டு, தவப்பன் வரல்லன்னு. ஒனக்க மொகத்த எப்படிப் பாப்பேன்? எஸ்டேட் பஸ்ஸு வந்துது, எனக்குக் காலு எழும்பல்ல. எதுத்தாப்புல வந்த பஸ்ஸுல ஏறிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் போவணும்னு நெனைப்பேன். ஒவ்வொரு நாளும் நேத்தைக்கவிட வெக்கமா இருக்கும்."

மக்களே, அவர் வந்தார் என்றதும் என் மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதே. தடிக்காரன்கோணத்தில் இருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நான் அங்கே குழி மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவருடைய முதுகில் ஓங்கி அடித்தேன். பிறகு இன்னொன்று. கட்டின நாளில் இருந்து நான் அவர் மேல் கை வைத்ததில்லை. அவர் தடுக்கவில்லை. குனிந்து இருந்து வாங்கிக்கொண்டார். மீன்காரப் பெண்கள் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கேள்வியை அவர் வந்த அன்றைக்கே நான் கேட்டிருந்தால், அன்றைக்கே அடித்திருப்பேன். அன்றைக்கே அழுது முடித்திருப்போம். அதைச் செய்யாமல் பெரிய மனசுக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். நீ பொய் சொன்னது தப்பு. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன், உன் மனசு அதற்கு வருந்தத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொய்க்குள் நான் வசதியாகக் குடியிருந்தேன். அது என் தப்பு. அதை உன் தலையில் போட எனக்கு உரிமை இல்லை.

மூச்சு அடங்கின பிறகு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன். இந்தத் தடவை யாரையும் விட்டுச் சொல்லவில்லை.

அவர் எழும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

"கேளுங்க."

"பிள்ளைக்கு எந்தச் சட்டையப் போட்டு அடக்கினிய?"

சொன்னேன். "நீங்க கிறிஸ்மஸுக்கு எடுத்துக் குடுத்த மஞ்சச் சட்டதான். வளரட்டும்னு பெருசா எடுத்தியல்லா. கை நீளமாக் கெடந்து. நான் மடிச்சு விட்டேன்."

"மடிச்சு விட்டியா?" என்றார்.

"மடிச்சு விட்டேன்."

சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் வந்தோம். மாத்திரை போடுகிறார். புண்ணை நாளைக்குத் தடிக்காரன்கோணம் ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன். நீ ஈஸ்டருக்கு வா. எதையும் சரிசெய்வதற்காக வராதே, சும்மா வா.

எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அஜிதா. சட்டையைப் பற்றின இந்த ஒரு கேள்வியைக் கேட்க வழியில்லாமல் அந்த மனுஷன் ஆறு வருஷம் என் வீட்டில் சோறு தின்றிருக்கிறார்.

அம்மா